அவர்

மோக்போ மீன்சந்தை மாடியில் இரவு வகுப்பு.
ஹேரிம் டீச்சர் கையாலேயே இலக்கணம் நடத்துவாள்:
நெஞ்சைத் தொட்டால் மை,
எல்லோரையும் வளைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் அவர்.

கணவாய் விற்கும் மல்சுன் எழுந்தாள்.
"அவர் ஹஸ்பண்ட்..."
"எத்தனை பேருக்கு?" என்றாள் டீச்சர்.
விழுந்து விழுந்து சிரித்தோம்,
எங்கள் பாஷையில் நாங்களும்
எங்கள் வீடு, எங்கள் மனைவி என்கிறவர்கள்தாம்.

மல்சுன் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து
நெஞ்சில் வைத்தாள்.
"மை ஹஸ்பண்ட்."
முப்பத்தோரு வருஷம் கழித்து
அந்த ஆள் அவளுக்கு மட்டும்.

அடுத்த வகுப்பில் அவளே சொன்னாள்:
வீட்டில், டிவி முன்னால்,
இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கக்
கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாளாம்.
வார்த்தை வரவில்லை.
"என்ன, வலிக்குதா?" என்று
ரிமோட்டைக் கீழே போட்டாராம்
அவர்.