ஏப்பக் கணக்கு

கடனை ஏப்பம் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.
ஏப்பத்தையே கடன் கணக்கில் எழுதுவது
இப்போதுதான்.

வீப்ரனின் கொட்டிலில் நூற்றுப் பன்னிரண்டு மாடுகள்.
கடன் உங்களுடையது,
அவை விடும் மீத்தேன் எங்கள் வங்கியுடையது
என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
முப்பதை விற்றால் வட்டி கால் சதவீதம் இறங்கும்.
வெளியே ஃப்ரீஸ்லாந்தின் சாய்ந்த மழை.

பேனாவை மூடிவைத்துக் கேட்டார்:
"அந்த முப்பதும் எங்கே போகும், ட்யிட்ஸ்கே?"

போலந்துக்கு.
அங்கே வேறு வங்கி.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது.
அலுவலகத் திரையில்
2030-ஐ நோக்கி
என் பச்சைக் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி
எழுபத்தொன்றாம் எண் மாடு
அசைபோட்டபடி என்னையே பார்த்தது.
பிறகு, நிதானமாக,
யார் பேரேட்டிலும் இல்லாத
ஓர் ஏப்பம்.