பத்து மீட்டர்

பத்து மீட்டர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
கோட்டூர்க் கடைக்காரன் பதினைந்து என்று சத்தியம் செய்தான்.
எங்கள் சேற்றில் அது
நாலு எட்டு தாண்டவில்லை.

ஐந்து பேர் காசு போட்டு வாங்கிய ஸ்பீக்கர்
வரப்பில், நாற்றுக்கட்டின் மேல்.
போன் செந்தாமரையின் இடுப்பில்.
நடவோ பின்னால் பின்னால் போகிற வேலை.
குத்துக்குக் குத்து
ஒரு சாண் பாட்டைவிட்டு விலகினோம்.
பல்லவி வரும், சரணத்தில் இருமும்,
அப்புறம் தவளைதான்.

இதில் நீலாவதியின் பையன் வேறு.
வாங்கின அன்று முதலில் இணைத்துப் பார்த்தவன் அவன்.
சைக்கிளில் ரோட்டோரம் அவன் போனால் போதும்,
எங்களைக் கைவிட்டு
அவன் பையிலிருக்கும் கிரிக்கெட் கமெண்டரியோடு
ஓடிப்போகும் கழுதை.

"நடுவுல நிக்கிறது நீதான்க்கா" என்றாள் நிரோஷா.
"போன இடுப்புல சொருகிக் குனிஞ்சா
எப்படிக் கேக்கும்?
உடம்பு முக்கால்வாசி தண்ணி.
தண்ணிக்குள்ள அது நுழையாது."

தண்ணி.
கோரையாற்றில் முறைவைத்து விடுகிற தண்ணி.
வராத வருஷம் எங்களைத்
திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட தண்ணி.
வந்த வருஷம்
பாட்டை மறிக்கிறதாம்.

இரண்டு மூங்கில் கழி வெட்டினோம்.
பால் கவரில் போனைப் போட்டு ஒன்றின் உச்சியில் கட்டி
வயல் நடுவே ஊன்றினோம்.
இன்னொன்றில் ஸ்பீக்கர், வரப்பில்.
எங்கள் தலைக்கு மேலே
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன இரண்டும்.
அறுபடவே இல்லை.
வாய்க்கால் அந்தப்பக்கம் மாடு மேய்த்தவன்கூட
சத்தம் கூட்டச் சொல்லிக் கை காட்டினான்.

பத்தரைக்கு மணியடித்தது.
டீத்தூக்கோடு வரப்பில் வந்த நிரோஷா
சத்தத்தை நிறுத்தத்தான் பொத்தானை அமுக்கினாள்.

"செந்தாமரையா? ரெண்டு தவணை நிக்குதும்மா.
குழுவுல மத்தவங்க கட்டுறாங்களா,
இல்ல நான் வீட்டுக்கு வரவா?"

நாலு மா வயலுக்கும் கேட்டது.
குழுவில் மற்றவர்கள்
நாங்கள்தான்.

முழங்கால் சேற்றில் ஓடுவது ஓட்டமில்லை.
ஓடினாள்.
கழியோடு பிடுங்கிக்கொண்டு
வரப்பேறி மதகைப் பார்க்க ஓடினாள்.
அந்தக் குரல் மட்டும் இங்கேயே நின்றது:
நாளைக்குள்ள… ஆதார்ல… உங்க வீட்டுக்கார…
அறுந்து போ, அறுந்து போ என்று
காலையெல்லாம் எதனோடு மல்லுக்கட்டினோமோ
அதையே வேண்டிக்கொண்டு
குனிந்த தலை நிமிராமல் நட்டோம்.
வீட்டுக்கா… வீட்…
டொய்ங்.

மதகடியில் முதுகு காட்டி நின்றாள்,
ஒரு கையில் போன்,
ஒரு கையில் கழி.
கழி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
ஸ்பீக்கரில் நீல விளக்கு
யாரையோ தேடி மினுக் மினுக்கென்றது.

திரும்பி வந்து வரிசையில் இறங்கினாள்.
"நாத்து காயுது" என்றாள் பவுனாம்பாள்.
அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு வியாழக்கிழமை.
என் போனில் அந்த ப்ளூடூத்தே கிடையாது என்று
இவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நிரோஷா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு
செந்தாமரையின் போனை வாங்கினாள்.
ஏரோப்ளேன் படத்தில் ஒரு அமுக்கு.
ப்ளூடூத்தை மட்டும் திரும்ப எழுப்பினாள்.
"ஏத்தி வச்ச பாட்டு வரும்க்கா.
கூப்பாடு வராது."

வந்தது. விட்ட இடத்திலிருந்து,
சரணத்தின் பாதியில்.
யாரும் கூடப் பாடவில்லை.

கஞ்சிக்குக் கரையேறியபோது
மடியிலிருந்து என் போனை எடுத்து
நிரோஷாவிடம் நீட்டினேன்.
இதில் அந்த ஏரோப்ளேன்
எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.