இடம்

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று
பஸ்ஸின் நெற்றியில் ‘வளம்’ என்றிருந்தது.
எந்த ஊர் பஸ் இது என்றேன்.
நம்மூருதான், வேலந்தாவளம் என்றார் ஆறுச்சாமி.
வேலந்தா எங்கே என்று நான் கேட்கவில்லை.
போனதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?

இருட்டென்றால் விளக்குப் போடலாம்.
இது இருட்டில்லை.
மூக்குக்கு இந்தப் பக்கம் உலகம் முடிந்துவிடுகிறது,
முடிந்த இடத்தில் தையல்கூடத் தெரிவதில்லை.
பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுக் காலி என்கிறேன்.
அவர் தட்டைத் திருப்பி வைக்கிறார்.
மறுபடி சோறு.
தட்டைச் சுற்றினால் சோறு விளைகிற வீடு
இந்த எல்லையில் எங்களுடையதுதான்.
ஒருநாள் மடியில் ஒரு கை கிடந்தது.
யாரு கை இது, எடுங்க என்றேன்.
அவர் பேசாமல் அதன் வளையலைக் காட்டினார்.

திங்களும் வியாழனும்
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள் ஷிஜிமோள்.
தலை அசையக் கூடாது, கண் மட்டும்.
வலத்தில் நீலப் பேனா மூடி, இடத்தில் சிவப்பு.
நீலம்.
சிவப்பு.
நீலம்.
‘இடத்தோட்டு நோக்கு சேச்சி, இனியும் இடத்தோட்டு.’
அவள் பாஷையிலும் என் பாஷையிலும்
இடம் என்றால் இடப்பக்கம், நிற்கிற இடமும் அதுவே.
முளையில் கட்டிய ஆடு மாதிரி என் கண்
கயிறு நீளம்வரை போய் நின்றுவிடும்.
அதற்கப்பால்தான் பச்சை இருக்கிறது என்கிறாள்.
நெற்றி வியர்க்கிறது. கண்ணுக்கு வியர்க்குமென்று
இத்தனை வயதில் தெரியாது.

பதினேழு வருடம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதினேன்.
இடப்பக்கம் பேர், வலப்பக்கம் தொகை.
பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்தால்
தொகை மட்டும் நிற்கிறது.
நாலாயிரத்து இருநூறு. எழுநூற்று ஐம்பது.
யாருடையதும் இல்லாத கடன்.
எழுநூற்று ஐம்பதுக்காரன் மைக்கேல்சாமி
நலம் விசாரிக்க வந்து என் இடப்பக்கமாகவே நின்றானாம்.
வெகுநேரம் நின்றானாம்.
நிம்மதியாகக் காபி குடித்தானாம்.

ஷிஜிமோள் சிவப்பு இன்சுலேஷன் டேப் வாங்கிவந்து
பக்கத்துக்குப் பக்கம் இடது ஓரத்தில் ஒட்டினாள்.
சிவப்பைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கக் கூடாது.
தட்டின் விளிம்பில் ஒரு துண்டு, கதவு நிலையில் ஒன்று.
ஆறுச்சாமி தன் சட்டையில் ஒன்று ஒட்டிக்கொண்டு
என் இடப்பக்கம் நாற்காலி போட்டார்.
இருபத்தெட்டு வருடமாக எதிரில்தான் உட்கார்வார்,
தேட வேண்டியிருக்கவில்லை.
இப்போது தேடுகிறேன்,
தேடப்படுவது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாம் வாரம்
சாலையில் தக்காளி லாரிகள் கரையாமல் போயின.
மூக்கு நுனியில் மறைகிற வண்டியை
செக்போஸ்ட் வளைவுவரை விடாமல் துரத்தினேன்,
பின்பலகையின் கேரளா எண்ணை
சத்தமாகப் படித்தேன், யாருக்கென்று தெரியாமல்.

அன்று மாலை பேரேட்டில்
ஒரு புது வரி, கையெழுத்து என்னுடையதில்லை.
ஒன்பதாயிரம்.
கண்ணை இழுத்தேன்.
‘மணி’ என்றது.
எந்த மணி? சுப்பிரமணி, வேலுமணி, செல்வமணி,
தங்கமணியில் மட்டும் ரெண்டு பேர்.
எவன் இவ்வளவு வாங்கினான் என்று கத்தினேன்.
இடப்பக்கம் பதிலில்லை.
இன்னும் இழுத்தேன், கயிறு அறுந்தால் அறுகட்டும் என்று.
தா.
சந்தா.
சிவப்பு.
திரும்பி வந்தேன்: வசந்தாமணி.
தேதி, நான் விழுந்த அன்று.

தலையை அசைக்காமல்
சிவப்புக்கும் அந்தப் பக்கம் பார்த்தேன்.
சட்டையில் ஒட்டிய டேப்பை
நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.
‘இதை எப்பக் கட்டறதா இருக்கீங்க?’ என்றேன்.