பச்சைச் சுடர்

ஆரம்பாக்கம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் என் பட்டறை.
அந்தப் பக்கம் தடா.
நடுவில் லாரிகள் சீட்டுக்குக் காத்து நிற்கும்,
மீன்பெட்டியிலிருந்து பனிநீர் சொட்டச் சொட்ட.

தொண்ணூற்று நாலு, கத்திரி வெயில்.
பெஞ்சலம்மாவின் இறால் பெட்டி குளிரவில்லை.
செம்புத் தகடு வைத்த விளக்கை ஏற்றி
குழாய் குழாயாக நகர்த்தினேன்.
நீலம், நீலம்,
மூன்றாவது வளைவில்
கிளிப்பச்சை.
"தொரிகிந்தி!" என்று கத்தினாள்.

ஓட்டையை அடைக்குமுன் மிச்சத்தை வெளியேற்ற வேண்டும்.
வால்வைத் திருகினேன். புஸ்.
அரைக்கிலோ ஆர்-பன்னிரண்டு
மணமில்லாமல் நிறமில்லாமல் போனது.
விரலில் மட்டும் கொஞ்சம் உறைபனி.
அதை மஸ்தான் கழுத்தில் தடவினேன்,
துள்ளிக் குதித்தான்.
அன்றைக்கு அது குற்றமில்லை. கூலி நாற்பது ரூபாய்.

வெகுநாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் பயிற்சி வகுப்பு,
சான்றிதழ், பிரியாணிப் பொட்டலம்.
திரையில் தென்துருவத்தின் மேல் ஊதாவாய் ஒரு பொத்தல்.
எல்லோரும் புது கேஸின் விலையைக் கேட்டார்கள்.
விட்டது எப்போது சாகும் என்று கேட்டேன்.
நூறு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அப்படியென்றால் இன்னும் மேலேதான் இருக்கிறது.
பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி
எந்த மழையிலும் கரையாமல்
வருஷக்கணக்கில் ஏறி,
கொடும் வெயிலில் உடைந்து,
குளோரின் பிரிந்து
பாதி அமிலத்திலும் பாதி நைட்ரேட்டிலும்
ஒடுங்கிக் கிடக்கிறது.
தனித்தனியே அவை சாது.

சூடுதான் எதையும் கிளறும் என்று நம்பி வாழ்ந்தவன் நான்.
அங்கே குளிர்தான் அடுப்பாம்.
மாதக்கணக்கான இரவு, சுழியத்துக்குக் கீழே எண்பது,
சிப்பியின் உள்பக்கம் போல மினுங்கும் மேகம்,
அதன் பனித்துகள் மேல் இரண்டும் சந்திக்க
குளோரின் ஜோடி ஜோடியாக வெளியே வந்து
விடியலுக்குக் காத்து நிற்கிறது,
நம்ம சாவடி லாரிகள் மாதிரி.

செப்டம்பரில் முதல் வெயில். கதவு திறக்கிறது.
அதற்குப் பின் தரகர் வேலை:
ஓசோனிடம் ஓர் ஆக்சிஜனைப் பறித்து,
கைமாற்றி,
வெறுங்கையோடு திரும்பி
அடுத்ததன் கதவைத் தட்டும்.
ஆயிரம் ஆயிரமாய் முடிந்தாலும்
எந்த ரசீதிலும் அதன் பெயர் இல்லை.

இப்போது சாவடியில் யாரையும் நிறுத்துவதில்லை.
பெஞ்சலம்மா அந்தப் பெட்டியில் நெல் கொட்டி வைத்திருக்கிறாள்.
புது கேஸ் தீப்பிடிக்கும், சுடரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.
பொத்தல் மெல்ல மூடுகிறது என்கிறார்கள்.
என் அரைக்கிலோவில்
எவ்வளவு மிச்சமோ, எனக்கு அத்தனை ஆயுசில்லை.

நேற்று ஆணியில் தொங்கிய விளக்கைத் துடைத்து
ஏற்றி, வாசலில் நின்று
வானத்துக்குக் காட்டினேன்.
நீலமாகவே எரிந்தது.

"கரண்ட் இல்லையாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே
ஒரு லாரிக்காரன் தடா பக்கம் போனான்.