ஓரடி உயரத்தில்

தண்டவாளம் போடுவது லேசு.
சுட்டியை மட்டக்களப்பில் அழுத்தி
ஏறாவூரில் விட்டால்
சிலிப்பர் கட்டைகள் தாமே படுத்துக்கொள்ளும்.
சரளைக்கல்தான் பாடு.
விளையாட்டோடு வந்தது
ஜெர்மன் நாட்டுச் சாம்பல் நிறம்.
எங்கள் கல்லில் காவி கிடக்கும், எண்ணெய் கிடக்கும்,
ஜன்னலால் எறிந்த சோடா மூடி கிடக்கும்.
குனிந்து குனிந்து நாற்பது படம் எடுத்தேன்.
கடவைக் காவலர் சேகுதாவூது
"என்னத்தத் தொலைச்ச தங்கச்சி" என்று
தானும் குனிந்து தேடினார்.

பகலில் நான் கடன் கொம்பனியில்
பெண்கள் கட்டும் கிழமைக் காசைக்
கட்டம் கட்டமாக நிரப்புகிறவள்.
இரவு பதினொன்றுக்குப் பிறகு
இந்தப் பாதைக்குப் பொறியியலாளர், சிக்னல்காரி,
பனை நடுபவள்,
மழை.

எஞ்சின் என்னுடையதல்ல.
எம் டூவைச் செய்தவன் வாகீசன்,
ஒஸ்லோவில் பனி வழிக்கும் லொறி ஓட்டுகிறான்.
ஆணி ஆணியாக வைத்திருக்கிறான்.
ஊதல் மட்டும் பிழை.
லைன் மூடிக்கிடந்த வருடங்களில் வளர்ந்து
திறக்க முன்னம் போய்விட்டவன்,
எதை வைத்துச் சரிபார்ப்பான்?
விடிய முன் ஏறாவூர்க் கடவையில் நின்று பதிந்தேன்.
நாய் ஒன்று, பாங்கு, ஓட்டோ ஒன்றின் இருமல்,
நடுவில் ஊதல்.
துடைத்து அனுப்பவா என்று கேட்டேன்.
வேண்டாம், அப்படியே போடு என்றான்.
இப்போது யார் அதை எங்கே ஓட்டினாலும்,
ஆல்ப்ஸ் மலைச் சுரங்கத்துக்குள் ஓட்டினாலும்,
ஏறாவூர் நாய் குரைக்கும்.

முறைப்பாடுகள் வரும்.
வாழைச்சேனையில் வண்டி பதினொரு நிமிடம்
சும்மா நிற்கிறது.
பிழையல்ல. ஒற்றைப் பாதை.
எதிர்வண்டி வரவேணும்.
புனானை தாண்ட யானை, பிரேக் பிடித்தும் முட்டுகிறது,
யானையை நிறுத்தும் பொத்தான் எது?
இல்லை. வேகத்தைக் குறை.
ஆண்டுப் பட்டியலில் தொண்ணூற்றெட்டைத் தொட்டால்
திரை முழுக்கப் பற்றைக்காடு, ரயிலைக் காணோம்.
அதற்கு நான் பதில் எழுதவில்லை.

மட்டக்களப்பில் பாதை முடிகிறது:
இரண்டு கட்டை, ஒரு சிவப்புத் தட்டு, மதில்.
மதிலை எடுத்தால் பின்னால் என்ன என்றான் வாகீசன்.
எடுத்துப் பார்த்தேன்.
படம் ஒட்டாத பச்சை,
கல்முனை வரைக்கும்.

மறுகா என்ன, நித்திரை போயிற்று.
கல்லடிக்கு ஒரு பாலம் போட்டேன்.
காத்தான்குடியில் வீடுகள் தோளோடு தோள்;
யாருடைய கிணறும் உடையாமல்
மூன்று தரம் வளைத்தேன்.
குருக்கள்மடம், செட்டிபாளையம்.
களுவாஞ்சிகுடிக்கு மஞ்சள் பெயர்ப்பலகை.
தங்கை கோகுலவதனி கல்முனை ஆசுபத்திரியில் தாதி,
ஐந்து இருபது பஸ்.
உனக்கு எந்த இடத்தில் ஸ்டேசன் வேணும் என்றேன்.
சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு சொன்னாள்:
"பஸ் நிக்கிற இடத்துலயே வை. நடக்க ஏலா."
பயணிகள் பொதி ஒன்று காசுக்கு வாங்கினேன்.
எல்லாருக்கும் கம்பளிக் கோட்டு.
ஒருத்தியின் கோட்டை மட்டும் வெள்ளைச் சீருடையாக்கி
விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினேன்.

இதுவரை நாற்பத்தொரு பேர் இறக்கியிருக்கிறார்கள்.
நேற்று ஒருவர் படத்தோடு எழுதினார்:
கல்லாற்றுப் பாலத்தில் வண்டி
தண்டவாளத்தைத் தொடாமல்
ஓரடி மேலே போகிறது.
உண்மைதான்.
முகத்துவாரம் மண்ணால் அடைபடும், பிறகு வெட்டும்;
செய்மதி அளந்த நாளில் எப்படிக் கிடந்ததோ
யாருக்குத் தெரியும்.
ஒரே ஒரு எண்ணை மாற்றினால் சரி. இரண்டு நிமிட வேலை.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் வதனி.
சில்லு சுற்றுகிறது, கீழே தண்ணீர்,
பெட்டிகள் குலுங்கவேயில்லை.
"நம்மட பஸ்ஸ விடத் திறம்" என்றாள்.

எண்ணுக்குரிய கட்டத்தில்
கோடு விட்டுவிட்டு மின்னுகிறது.
வெளியே பஸ் ஊதுகிறது.
ஒரு செருப்பைக் காணோம் என்று
கட்டிலுக்கடியில் தேடுகிறாள் அவள்.