கைமாற்று

லைப்ரரியில் அதற்குப் பெயர் இடதுகை ஏழு.
ஒன்று முதல் ஆறு வரை என்ன ஆயின
என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் சேர்வதற்கு முந்திய கதை.

விரல்கள் நான்கே.
எங்கள் தொழிலில் ஐந்தாவது விரலுக்குச்
சம்பளம் ஒதுக்குவதில்லை.
கடைசி விரல் மட்டும் நுனியில் சற்றே
வெளியே வளைந்திருக்கும்,
பக்கத்து வீட்டுப் பேச்சுக்குக் காது கொடுப்பதுபோல்.

ஸெலி ஆர்செனோ வரைந்தது.
தன் இடக்கையை மேசைமேல் விரித்துவைத்து
வலக்கையால் பார்த்துப் பார்த்து.
பத்து வயதில் அப்பாவின் டிரக் கதவு
கடித்துத் துப்பிய விரலாம்.
முதல் பருவம் முடிந்ததும்
வான்கூவருக்குப் போய்விட்டாள்.
கை மாங்க்டனிலேயே வேலையில் இருந்தது.

கதையில் ஒரு துறைமுக ஊர், எழுபத்தொரு பேர்.
ரொட்டிக்காரருக்கு மாவு நிறத்தில் அந்தக் கை.
தபால்காரிக்குக் கையுறைக்குள்.
கரடிக்கு மேலே கொஞ்சம் ரோமம் ஒட்டி.
திருடன் காட்டிய கைவரிசையும் அதுதான்,
அவனை மடக்கிய போலீஸ் பிடியும் அதுதான்.
வலது தேவையென்றால் புரட்டிக்கொள்வோம்.
ஒன்பதாம் அத்தியாயத்தில்
பகை மறந்த இரண்டு மீனவர்கள் கை குலுக்கினார்கள்:
ஸெலியின் கை
ஸெலியின் கையையே பிடித்துக் குலுக்கியது.
ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை.

வட்டியில்லை, பத்திரமில்லை.
இழுத்து மேடையில் போட்டால் கை வந்துவிடும்.
கிட்டத்தில் பார்த்தால் அது நகல்கூட இல்லை.
இருப்பது ஒரே ஒரு கை.
மற்றதெல்லாம்
அது இங்கே இருப்பதாக வைத்துக்கொள் என்று
கணினிக்குச் சொன்ன பேச்சு.

ஜன்னலுக்கு வெளியே பெத்திகோடியாக்.
கடல் ஏறும்போது ஆறு
வந்த வழியே திரும்பி ஓடும், நாளுக்கு இருமுறை,
அதே பழுப்பு அலை.
கரையில் நேர அட்டவணை எழுதிப்போட்டிருக்கிறார்கள்.
காத்திருந்து பார்த்தவர்கள்
இவ்வளவுதானா என்கிறார்கள்.
யாரோ லூப் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பான் ரேயால்.

மார்ச்சில் டொரொன்டோவிலிருந்து ஒரு வரி.
பழைய அத்தியாயங்களை வேறொரு நாடு வாங்குகிறது,
மறுபடி ரெண்டர் செய்யும் முன்
கடைசி விரலை நேராக்கவும்,
வீங்கினாற்போல் தெரிகிறது.
மூன்று பருவம் கழித்துக் கண்ணில் பட்டிருக்கிறது.

எத்தனை இடத்தில் என்று தேடச் சொன்னேன்.
பதினோராயிரத்து நானூற்றாறு.
ஒரு நிமிட வேலை, என்றான் ரேயால்
ஆரஞ்சை உரித்துக்கொண்டே.
இரண்டும் உண்மை.

மாஸ்டரைத் திறந்தேன்.
ஊர் மங்கிப் பின்னால் போனது.
வெளிச்சத்தில் கை மட்டும்.
வளைவில் ஒரு புள்ளி,
புள்ளிக்கு இரண்டு கைப்பிடி.
இழுத்தேன். நிமிர்ந்தது.
மாவு பிசைந்த விரல், கடிதம் நீட்டிய விரல்,
திருடன் சட்டைப்பைக்குள்
யாரும் பார்க்காத விரல்,
எல்லாம் ஒரே கணத்தில்.
வலித்திருக்காது.
சேமித்துவிட்டுப் போய்க் காப்பி போட்டேன்.
கைகழுவியாயிற்று என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி சரிபார்க்கும்போது
பத்தொன்பதாம் அத்தியாயம், மழை.
மழையும் சிம்பல்தான், பன்னிரண்டு ஃபிரேம்.
சலவைக்கடைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து
முகம் தெரியாத ஒருவர் கையாட்டுகிறார்.
விரல் வளைந்திருக்கிறது.

சொடுக்கினேன், பெயர் வரவில்லை.
யாரோ ஒரு காலத்தில்
லைப்ரரியோடு அதன் தொடர்பை அறுத்து
வெறும் கோடுகளாய் உடைத்து வைத்திருக்கிறார்கள்.
அவசரத்திலா, வேண்டுமென்றேவா.
லேயருக்குப் பிரெஞ்சில் பெயரிட்டிருந்தது:
தொடாதே.
என் கையெழுத்தில்லை என்றான் ரேயால்.
லேயர் பெயரில் ஏது கையெழுத்து.

வலப்பக்கம் சொடுக்கினால் பட்டியல் விழும்.
அதில் மூன்றாவது வரி, சிம்பலாக மாற்று.
அம்பு அதன்மேல் நின்றது.
கண்ணாடிக்குள் அந்தக் கை
ஆடிக்கொண்டே இருந்தது,
போகிறாயா என்றோ
வந்துவிட்டாயா என்றோ.

பட்டியலை மூடினேன்.
பதினோராயிரத்து நானூற்றாறு இடங்களிலும்
சரிசெய்யப்பட்டது என்று எழுதி அனுப்பினேன்.
பொய்யில்லை. இது அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த அலை
காலை ஆறு இருபதுக்கு.