சத்தம் பூச்சியம்

லாங்கென்தாலில் எங்களுக்கு ஒன்றரை அறை வீடு.
அந்த அரை என்பது
குசினியும் வாசலும் முட்டிக்கொண்ட இடம்.
மிச்ச ஒன்றுக்குள்
அப்பாவின் கட்டில், எங்கள் மெத்தை,
தொலைக்காட்சி.

அப்பாவுக்கு இரவில் பாண் போடும் வேலை.
இமையில் மா படிந்தபடி காலை ஆறரைக்கு வந்து
திரைச்சீலையை இழுத்து மூடிச் சரிவார்.
புதன்கிழமை மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடியும்.
அம்மா பல்வைத்தியரின் வீட்டைத் துடைக்கப் போயிருப்பா.
எங்களுக்கு மத்தியானம்,
அவருக்கு நடுச்சாமம்.

முதலில் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.
பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாய் அணைந்து
பூச்சியம் வந்த பிறகுதான்
விளையாட்டுப் பெட்டிக்கு மின்சாரம்.
அட்டையைக் கழற்றி ஊதும்போதும்
துஷி தன் கையால் என் வாயைப் பாதி பொத்துவான்.

பழம்பொருள் கடையில் பதினெட்டு பிராங்க்.
கூட வந்தது ஒரேயொரு சண்டை.
எட்டுப் பேர்; அவர்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் இருந்தன,
நாங்கள் வேறு வைத்தோம்.
சிவப்புக் கச்சை. பின்னல்காரி. தீப்பெட்டி.
வயிறு பெருத்தவன் மட்டும் எக்லி,
நிலவறையில் எங்கள் உடுப்புத் தோய்க்கும் நாளை
விரல்விட்டு எண்ணும் அதே ஹெர் எக்லி.
எக்லியாக இருக்க ஒருவரும் சம்மதியோம்.
காசு சுண்டித் தோற்றவர் எக்லி.

சத்தத்தை நாங்களே போட்டோம், வாய்க்குள்.
உதைக்கு ஒரு "ஹ்ப்".
நெருப்புப் பந்துக்குப் பல்லிடுக்கால் காற்று.
விழுந்தவர் தலையணையைக் கடிக்க வேண்டும்,
அது விதி.
வென்றவர் வாயைத் திறந்து, கால்விரல்களைச் சுருக்கி,
ஒன்றும் வெளியே வராமல் கத்த வேண்டும்.
அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.
என்னால் முடியும். இன்றைக்கும் முடியும்.

ஒருதரம் துஷி ரிமோட்டின் மேல் இருந்துவிட்டான்.

அரை வினாடி.
எதைக் கேட்டோம் என்று இருவருக்கும் ஞாபகமில்லை.
பார்த்தால் அப்பா கட்டிலில் இல்லை.
கட்டிலுக்குக் கீழே இருந்தார்,
எங்கள் நாலு கால்களையும் பிடித்து
உள்ளே இழுத்தபடி.

பிறகு வெளியே வந்தார்.
மா தட்டுவதுபோல் முழங்காலைத் தட்டினார்.
திரையில் பின்னல்காரி எக்லியின் தலைமேல் நின்றாள்.
கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:
"ஆர் வெல்லுறது?"

போன சனிக்கிழமை புர்க்டோர்ஃப் சந்தையில்
ஒரு மேசை, அதே பெட்டி, அதே அட்டை.
ஆரும் தொடாமல்
தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
எக்லிக்குக் குரல் இருந்தது!
மெல்லிய குரல், கால் இடறின பொடியனைப்போல.
பின்னால் முழுநேரமும் ஒரு மேளம்,
கலியாண வீட்டுக்குப் பிந்திப்போகிற அவசரத்தில்.
பின்னல்காரி வென்றதும் சிரித்தாள்.
அவள் சிரிப்பாள் என்று நான் நினைத்ததேயில்லை.

இருபது வினாடி பதிந்து துஷிக்கு அனுப்பினேன்.
ஒஸ்லோவில் அவன் பஸ் ஓட்டுகிறான்.
கடைசி நிறுத்தத்தில் நின்றபடி பதில் போட்டான்:
"இது எங்கட இல்லை. வேற ஏதோ."
அதன் கீழே இன்னொரு குரல்பதிவு, நாலு வினாடி.
மூன்றில் ஒன்றுமில்லை.
பிறகு பல்லிடுக்கால் காற்று.

அப்பா இப்போது ஓய்வில்.
பகலில் நித்திரை பிடிக்காது,
செய்தியைக் கூடிய சத்தத்தில் வைத்து
எக்லியின் மகனிடம் முறைப்பாடு வாங்குகிறார்.

விற்பவர் யாருக்கோ ஒரு விளக்கைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.
எட்டிப் பொத்தானை அமத்தினேன்.
பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாய்.

எக்லி வாயைத் திறந்து விழுந்தான்.
"ஹ்ப்" என்றேன்.
பக்கத்தில் நின்ற நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.